அப்பாவுக்கு மிஞ்சிய பத்தொன்பது பற்கள்

பிப்ரவரி 20, வியாழக்கிழமை

ரூனேவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் எப்போதும் போல. நீயும் உன் வீட்டாரும் நலமா என்று இந்த இடத்தில் கேட்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். கடற்கரையில் வெயில் காய்கிற படம் அனுப்பியிருந்தாய், பார்த்தேன். இங்கே மூன்று நாளாகப் பனி கொட்டி, அதன் மேல் மழையும் பெய்து, வாசலில் கால் வைக்க முடியவில்லை, மணலைத் தூவிக்கொண்டே இறங்குகிறேன். நலம் விசாரித்தது இவ்வளவு போதும். நான் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பாதிக் கடிதத்தில் தெரிந்து நீ திடுக்கிட வேண்டாம்.

ஏன் தொலைபேசியில் சொல்லாமல் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் குரலை உயர்த்தினால் நீ உடனே, அம்மா கொஞ்சம் நிதானமாகப் பேசு என்பாய். அதற்குப் பிறகு நான் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன், இருபது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. காகிதம் என்னை அடக்காது. போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய செய்தியை மூன்று தடவை படித்தேன். "ஒரு பல் விளக்குற விஷயத்துக்கு இவ்வளவு சண்டையாம்மா?" அதற்குப் பதில்தான் இது. அடுப்படியில் நின்றுகொண்டு மேலோட்டமாகப் படிக்காதே, உட்கார்ந்து படி.

ஆகஸ்டில்தான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. உன் அப்பா ரொட்டியின் ஓரத்தைத்தான் முதலில் தின்பவர், அந்த ஓரத்தைத் தட்டிலேயே விட ஆரம்பித்தார். செப்டம்பரில் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை மெல்லாமல் வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதியோர் இல்லத்து மறதி வார்டில் பசி குறைவு என்று எழுதிவிட்டு டப்பாவில் வரும் சத்துப் பானத்தைக் கொடுத்தார்கள். எனக்கு அவர் வாயிலிருந்து வந்த நாற்றம்தான் முதலில் தெரிந்தது. ஐம்பத்தோரு வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன், டீசல் வாசனை, காபி வாசனை, வியர்வை எல்லாம் எனக்குத் தெரியும், இது அதில் எதுவும் இல்லை. யோருனிடம் கேட்டேன். யோருனை நீ பார்த்திருக்கிறாய், அந்த வார்டில் இருபது வருடமாக வேலை செய்கிறவள், ஐம்பதைத் தாண்டியவள், பெரிய கைகள், கதவுக்கு வெளியேயும் கேட்கிற குரல். அவள் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே, காலையும் மாலையும் விளக்கிவிடுகிறோம், படிவத்தில் இருக்கிறது பாருங்கள் என்றாள். பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு நாளைக்கும் இரண்டு டிக், எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

நான் துப்பறியப் போகவில்லை ரூனே, நீ அப்படி நினைப்பாய் என்று தெரியும். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு அவர் குளியலறையில் கை கழுவப் போனேன். கண்ணாடி டம்ளரை நகர்த்தும்போது அதிலிருந்த பிரஷ் மணிக்கட்டில் பட்டது. காய்ந்து கிடந்தது. அப்போது காலை ஒன்பதே கால், அன்றைய டிக் ஏற்கனவே போட்டாயிற்று. அதற்குப் பிறகு எட்டு நாள் தொட்டுப் பார்த்தேன், எட்டு நாளும் காய்ந்திருந்தது. ஒன்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை, பட்டாணி அளவு பேஸ்டைப் பிரஷ்ஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தபோது அது கூழாங்கல் மாதிரி இறுகி டம்ளரில் மோதிச் சத்தம் போட்டது. நடுவில் ஆறு டிக்.

அந்தப் பிரஷ்ஷை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வென்கேயின் அறைக்குப் போனேன். வார்டின் தலைவி, உன்னைவிட இளையவள், கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகப் பேசுவாள், அது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதவைச் சாத்தினாள், காபி ஊற்றினாள், பிறகு சட்டம் சொன்னாள். வேண்டாம் என்று மறுக்க இல்லத்தில் இருப்பவருக்கு உரிமை இருக்கிறதாம், வாயைக் கட்டாயப்படுத்தித் திறக்கக் கூடாதாம். எனக்கும் அது தெரியும், கட்டாயப்படுத்தச் சொல்லி நான் வரவில்லை. "மறுக்கிறதுக்கு அவரை யாராவது கேட்டீங்களா?" என்றேன். கூட்டத்தில் எடுத்துச் சொல்கிறேன் என்றாள். கூட்டம் அக்டோபரில் நடந்தது. கழிப்பறைக் கதவின் கைப்பிடியைப் பற்றியும் அன்றைக்குத்தான் பேசினார்களாம்.

நவம்பரில் உன் அப்பா யோருனை அடித்துவிட்டார். கன்னத்தில் ஒட்டியிருந்த ஜாமை ஈரத் துணியால் துடைக்கப் போயிருக்கிறாள், இவர் ஓங்கி ஒன்று வைத்தார், மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்து ஒரு கால் உடைந்தது. முப்பத்து நாலு வருடம் கார்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் படகில், வண்டிகளைக் கைகாட்டி ஏற்றி நிறுத்தும் வேலை பார்த்தவர். சனிக்கிழமை குடித்துவிட்டு வந்து காரை விட்டு இறங்க மாட்டேன் என்று ரகளை செய்தவர்களிடம்கூட ஒரு விரலை நீட்டாதவர். அந்த மனிதரின் கோப்பில் மூர்க்கமானவர் என்று எழுதினார்கள். எழுதிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்கள். எனக்கு இல்லை, உனக்கு. நான் பன்னிரண்டு நிமிட நடையில் இருக்கிறேன், நீ பூமியின் அடுத்த பக்கத்தில் இருக்கிறாய், ஆனாலும் முதலில் அழைக்க வேண்டிய சொந்தம் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. அவரைச் சேர்க்கும்போது நான் முழங்கால் அறுவைக்காகப் படுத்திருந்தேன், நீ மூன்று வாரம் வந்து எல்லாப் படிவத்தையும் நிரப்பினாய். அன்றைக்கு அதற்கு நன்றி சொன்னேன், அந்த நன்றியை இப்போதும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அமைதிப்படுத்தும் மாத்திரை ஒன்று ஆரம்பிக்கலாமா என்று அவர்கள் கேட்டதும், நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சரி என்றாய். அது போதாதென்று மின்னஞ்சலும் எழுதினாய்.

அந்த மின்னஞ்சலை நான் படித்துவிட்டேன். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் நான் மறுபடியும் போய் நின்றபோது, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி வென்கேயே கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். அம்மா எப்போதுமே எல்லாரிடமும் கொஞ்சம் அதிகமாக எதிர்பார்ப்பவள், அவள் களைத்துப் போயிருக்கிறாள், அவள் பேசியது ஏதாவது புண்படுத்தியிருந்தால் அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் செய்வதெல்லாம் சரிதான். இவ்வளவும் நீ எழுதியது. என் மகன், என் சார்பில், எனக்குத் தெரியாமல், அந்தக் காய்ந்த பிரஷ்ஷுக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறான். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன். நிறுத்திப் பார்த்தால் ஆறு பேருக்கு ஆகும் அளவு இருந்தது. உன்னை அழைக்கவில்லை. அழைத்திருந்தால் நிதானமாகப் பேசு என்றிருப்பாய்.

மாத்திரை என்ன செய்தது என்றும் தெரிந்துகொள். தலை நெஞ்சில் விழுந்து கிடக்கும், எச்சில் சட்டையில் வழியும், இரண்டு மணிக்குக் காபி கொண்டுவந்தால் நாலு மணி வரை கோப்பை அப்படியே ஆறிப்போய் இருக்கும். ஒரு தடவை நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் சரிந்து விழுந்து இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துவிட்டது. எலும்பு முறியவில்லை என்று சொன்னார்கள், அதை நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்கள். வார்டு அமைதியாக இருந்தது, அதில் எல்லாருக்கும் திருப்தி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் மூன்றாம் ஞாயிறு அன்று, அவர் அப்படி அரைத் தூக்கத்தில் இருந்தபோது, நான் கையைக் கழுவிக்கொண்டு, விரலால் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். முன்னாலேயே செய்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை, அதற்கு என் மேல்தான் கோபம். இடப்பக்கக் கடைவாயில் ஒரு பல் கறுத்து, அதன் ஈறு செர்ரிப் பழம் மாதிரி வீங்கியிருந்தது. விரல் பக்கத்தில் போனதுமே, அந்த மயக்கத்திலும் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது.

திங்கட்கிழமை காலையில் யாரையும் கேட்காமல் பல் மருத்துவமனையை நானே அழைத்தேன், சக்கர நாற்காலி ஏறும் டாக்சியையும் நானே அழைத்தேன். அந்த மருத்துவமனையிலிருந்து வசந்த காலத்தில் இல்லத்துக்கு வந்து எல்லாருடைய வாயையும் பார்த்திருக்கிறார்கள், இவர் பெயருக்கு நேரே தூங்கிக்கொண்டிருந்தார் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதோடு முடிந்தது. டாக்டர் எல்லினோர் என்று ஒருத்தி, நம் நாட்டின் வடகோடியிலிருந்து வந்தவள். அந்தப் பக்கத்தார் போலவே வசவு கலந்துதான் பேசினாள், அதில் பாதியை நான் இங்கே எழுத முடியாது. வாயைப் பார்த்துவிட்டு விளக்கைத் தள்ளி வைத்தாள். பிறகு, "இந்தப் பல்லை வச்சுக்கிட்டு ஒருத்தியைத்தான் அடிச்சாரா? நானா இருந்தா அந்த வார்டுல ஒருத்தரையும் விட்டிருக்க மாட்டேன்" என்றாள். ரூனே, இத்தனை மாதத்தில் அவருக்காகக் கோபப்பட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இரண்டு பல்லைப் பிடுங்கினாள், சீழ் வடியவிட்டாள். மிச்சம் பத்தொன்பது, எல்லாம் அவருடைய சொந்தப் பல், நாளைக்கு இரண்டு வேளை ஒழுங்காக விளக்காவிட்டால் ஒவ்வொன்றாக இதே வழியில் போகும், இந்த வயதில் ஒவ்வொன்றும் இவருக்கு இதே நரகம் என்றாள். இல்லத்து மருத்துவரிடம் அவளே பேசி மாத்திரையையும் குறைக்க வைத்தாள். உன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவள் யாரையும் கேட்கிற ரகம் இல்லை.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வலி போய்விட்டது, ஆனால் வாய்க்குப் பக்கத்தில் எது வந்தாலும் வலிக்கும் என்பது மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. என் பெயர் தங்கவில்லை, உன் பெயர் தங்கவில்லை, அது தங்கியது. இனி நானே விளக்குகிறேன் என்று வென்கேயிடம் சவால் விட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு தாண்டும் வரை தினமும் இரண்டு வேளை போனேன். பதினோரு நாள். குளியலறையில் உட்கார வைத்து, எதிரே நின்று, வாயைத் திறங்கள் என்று கெஞ்சினேன், அதட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரஷ் உள்ளே போனால் கடித்துப் பிடித்துக்கொள்வார். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, எனக்குப் பொறுமை அற்றுப்போய், தாடையை இறுக்கிப் பிடித்து உள்ளே திணித்தேன். அவர் அழுதார். வென்கே எதைச் செய்யக் கூடாது என்று சட்டம் சொன்னாளோ அதைத்தான் செய்தேன். உனக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் உன்னிடம் எல்லாவற்றையும் கேட்கப் போகிறேன், அதனால் நான் செய்ததையும் மறைக்கக் கூடாது.

அன்றைக்குத்தான் யோருன் என்னைத் துணி அறைக்குள் கூப்பிட்டாள். துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னாள். கோடையிலேயே அவர் அவள் விரலைக் கடித்திருக்கிறார், நகம் கறுத்துப் போயிற்று, அதற்குப் பிறகு பயம். காலையில் ஒன்பது பேருக்கு இரண்டு பேர்தான் வேலை, எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்டி எல்லாம் ஒன்பதரைக்குள் முடிய வேண்டும். அதனால் பல் விளக்கவில்லை, விளக்கியதாக டிக் மட்டும் போட்டுவிட்டாள். மற்றவர்களும் அவளைப் பார்த்துப் போட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதவில்லை, நீ மறுபடியும் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிடுவாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசித் துண்டையும் மடித்து அடுக்கிவிட்டு, "நாளைக்குக் காலையில எட்டரைக்கு வாங்க. உங்களால முடியல, என்னாலயும் முடியல. ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றாள். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் போனேன்.

முதலில் எல்லினோரிடம் ஓடினோம், இரண்டு பேரும் ஒன்றாக. நான் எப்படி விளக்குகிறேன் என்று செய்து காட்டச் சொன்னாள், காட்டினேன். மூஞ்சிக்கு நேரே குச்சியை நீட்டிக்கொண்டு வந்தால் நானும்தான் கடிப்பேன் என்றாள். குளியலறை வேண்டவே வேண்டாமாம், அங்கே வெள்ளை விளக்கு, வழுக்குகிற தரை, போதாததற்குக் கண்ணாடியில் யாரோ ஒரு கிழவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். ஜன்னல் ஓரமாக அவருக்குப் பழகிய நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னாள். எதிரே நிற்காமல் பக்கவாட்டில், அவர் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். புதினா பேஸ்ட் எரிகிறது, அதனால் குழந்தைகளுக்கு வரும் ஸ்ட்ராபெர்ரி பேஸ்ட், ஆனால் பெரியவர்களுக்கான அளவு ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபில் பார்த்து வாங்க வேண்டும். சின்னத் தலையுள்ள மெத்தென்ற பிரஷ், அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். அவர் கையில் இன்னொரு பிரஷ்ஷைக் கொடுத்துவிட வேண்டும், கைக்கு வேலை இருந்தால் தள்ளிவிடத் தோன்றாதாம். பிரஷ்ஷைச் சாய்த்து ஈறும் பல்லும் சேரும் இடத்தில் வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும், நான் செய்துகொண்டிருந்தது போலத் தரையைத் தேய்க்கிற மாதிரி அல்ல. எழுபத்தாறு வயதில் எனக்குப் பல் விளக்கத் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் உதவியது, முன்பல் வரைக்கும். நாலு நாளில் முன்னால் இருக்கிற எட்டுப் பல்லைத் தொட விட்டார், ஆனால் கடைவாய்ப் பக்கம் போனால் வாய் மூடிக்கொள்ளும். அழுகிப்போனது அங்கேதானே. ஐந்தாவது நாள் காலை நாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறோம், கீழே துறையில் எட்டு நாற்பது படகு வந்து ஒட்டுகிறது. உன் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் ஏறி இறங்கும் முன் கதவு மேலே எழும்ப ஆரம்பித்தது. யோருன் பயிற்சிக்குப் போன காலத்திலிருந்து ஆறு வருடம் தினமும் அவருடைய படகில்தான் அக்கரைக்குப் போய் வந்திருக்கிறாள், எனக்கு அது தெரியாது. அவள் திடீரென்று, கார் ஜன்னலை இறக்கிவிட்டுக் கத்துகிறவள் மாதிரி, "ஒட்வார், கதவைத் தூக்குங்க, வண்டி நிக்குது" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். முழுசாக, எல்லினோருக்குக்கூட அவ்வளவு திறந்ததில்லை. இடது கை தானாக மேலே எழுந்து விரல்களை மடக்கி மடக்கி, வா, வா என்று கூப்பிட்டது. யோருன் பிரஷ்ஷை உள்ளே விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொம்மைக் கார் காட்டிச் சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. அவர் குழந்தை இல்லை, அவரை வைத்து விளையாட வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். பதில் உன் அப்பாவிடமிருந்து வந்தது. பிரஷ்ஷைக் கையால் ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, ஹேண்ட் பிரேக் போட மறந்த ஓட்டுநர்களிடம் பேசுவாரே, அந்தக் குரலில், "நீங்க சங்கிலிக்கு அந்தப்பக்கம் நில்லுங்கம்மா. வண்டி ஏறுது" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது ரூனே, அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து. படகில் நடந்து வருகிறவர்களை வண்டிப் பாதையிலிருந்து தடுக்கும் சங்கிலி அது, நான் நகர்ந்து நின்றேன். யோருன் இடப்பக்கக் கீழ் வரிசையை முடித்தாள், மேல் வரிசைக்குப் போனாள், அவர் கை அவளை ஓரமாக, இன்னும் ஓரமாக என்று நடத்திக்கொண்டே இருந்தது. போதும் என்று அவள் பிரஷ்ஷை வெளியே எடுக்கப் போனபோது அவர் தலையை ஆட்டினார். "பின்னாடி இன்னும் ரெண்டு வண்டிக்கு இடம் இருக்கு." அவர் சொன்னது சரிதான், கடைசி இரண்டு பல்லை அவள் தொடவே இல்லை. அவர் குழந்தையாக இல்லை, வேலையில் இருந்தார். நாங்கள்தான் அவருக்குக் கீழே வேலை பார்த்தோம்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. ஏற்றி முடிய இரண்டு நிமிடம் பிடிக்கிறது, எல்லினோர் கேட்டதும் அதே இரண்டு நிமிடம்தான். சில நாள் மனநிலை சரியில்லாமல் கதவு திறக்காது, அப்போது காற்று பலமாக இருக்கிறது, அடுத்த படகில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அரை மணி கழித்து வருவோம். ஈறிலிருந்து இரத்தம் வருவது நின்றுவிட்டது. மீன் கேக் தின்கிறார், ரொட்டியை ஓரத்தோடு தின்கிறார், மூன்று கிலோ ஏறியிருக்கிறார். யாரையும் அடிக்கவில்லை. இன்னொன்று, இதை யாரிடமும் சொன்னதில்லை. எட்டு மாதமாக நான் கிளம்பும்போது முத்தம் கொடுக்கக் குனிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன், நான் யாரென்று மறந்துவிட்டது, அறிமுகமில்லாத கிழவி ஒருத்தி முகத்துக்குப் பக்கத்தில் வந்தால் யார்தான் திரும்ப மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மலை இறங்குவேன். ஜனவரி கடைசியில் ஒரு நாள், விளக்கி முடித்த பிறகு, பழக்கத்தில் கன்னத்துக்குக் குனிந்தேன். அவர் முகத்தைத் திருப்பி உதட்டில் முத்தம் கொடுத்தார், ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு. எட்டு மாதம் ரூனே, மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலி. வலித்ததால் திருப்பியிருக்கிறார். அந்த எட்டு மாதத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள், வென்கேயா, நீயா?

நீ செய்தியில் கேட்ட சண்டை என்னவென்று இப்போது சொல்கிறேன். எப்படி விளக்க வேண்டும், எந்த நாற்காலி, எந்தப் பக்கம் நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல யோருன் ஒரு தாளில் எழுதினாள். மாலை வேலைக்கு வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். வென்கே அதை எடுத்துவிட்டாள். பராமரிப்பு முறையை மாற்றுவதென்றால் முதல் சொந்தத்தின் ஒப்புதல் வேண்டுமாம், ரூனேயிடம் கேட்டுவிட்டு ஒட்டலாம் என்றாள். என் புருஷனின் வாயைப் பற்றி நான் சொல்லி எழுதிய தாளை ஒட்ட, நியூசிலாந்திலிருந்து நீ சரி என்று சொல்ல வேண்டும். நான் கத்தினேன். ஆமாம், வராந்தாவில் நின்று, எல்லார் முன்னாலும் கத்தினேன். யோருனும் என்னோடு சேர்ந்துகொண்டாள், அவளுக்கு அதற்காக எச்சரிக்கைக் கடிதம் வரலாம். உனக்கு வந்த செய்தியில் வென்கே இதையெல்லாம் எப்படி எழுதினாளோ தெரியாது, மெதுவாகத்தான் எழுதியிருப்பாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். முதல் சொந்தம் என்ற இடத்திலிருந்து உன் பெயரை எடுத்து என் பெயரைப் போடும் படிவம். கீழே கையெழுத்துப் போடு, வேறு எதையும் நிரப்பாதே, எல்லாம் நான் நிரப்பிவிட்டேன். எனக்கு விளக்கம் வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்தாய் என்று எனக்குத் தெரியும், தொலைவில் இருக்கிறவனுக்கு எதற்காவது சரி சொல்லித்தான் மனசு ஆறும் என்றும் தெரியும். அது உன் மனசுக்கு. அவர் வாய்க்கு அது ஒன்றும் செய்யவில்லை. வென்கேவுக்கும் ஒரு வரி எழுது, உன் அம்மா அதிகமாக எதிர்பார்க்கவில்லை என்று. ஒரே வரி போதும், அதில் மன்னிப்பு என்ற வார்த்தை வரக் கூடாது.

நீயும் பல் டாக்டரிடம் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. உனக்கு உன் அப்பாவின் ஈறு, ஞாபகம் வைத்துக்கொள். என் பேத்தி மாயாவுக்குப் பல் விளக்கும்போது எதிரே நின்று அதட்டாதே, பக்கத்தில் நில், என்ன சொன்னால் அவளாகவே வாயைத் திறப்பாள் என்று கண்டுபிடி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

கோடையில் வா. எனக்காக வர வேண்டாம், தொலைபேசியில் அழவும் வேண்டாம். காலை எட்டரைக்கு அவருடைய இடப்பக்கம் வந்து நில், பிரஷ்ஷை நனைத்து வை. நீ அவர் மகன் என்று அவருக்குத் தெரியாது, அதைச் சொல்லித் தொந்தரவு செய்யாதே. எங்கே போக வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் கை சொல்லும். அவர் சொல்கிறபடி செய்.

கடவுள் உன்னையும் வீட்டில் எல்லாரையும் காக்கட்டும், கோபத்தோடுதான் கேட்கிறேன், ஆனால் தினமும் கேட்கிறேன். படிவத்தை விமானத் தபாலில் அனுப்பு, சாதாரணத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லாதே.

உன் அம்மா
தூரிட்